ஏணிக்கு மேலே கழற்றி வைத்த ஷூ

எங்கள் குடும்பத்தில் எனக்கு ஒரு நிரந்தர உத்தியோகம் உண்டு. பை காவல். எந்த ஊருக்குச் சுற்றிப் பார்க்கப் போனாலும், நடக்க வேண்டிய இடம் வந்ததும் என் வீட்டுக்காரர் நல்ல நிழலாகப் பார்த்து ஒரு பெஞ்சைக் கண்டுபிடித்துவிடுவார். "அம்மிணி, நீ இங்கயே உக்காரு. பையெல்லாம் பாத்துக்கோ, நாங்க ஓடிப் போயிட்டு வந்தர்றோம்" என்பார். அவர்கள் திரும்பி வந்து போனில் காட்டும் படங்களில்தான் நான் அருவி பார்த்திருக்கிறேன், பள்ளத்தாக்கு பார்த்திருக்கிறேன். இத்தனை வருடத்தில் பைகளை யாரும் திருடியதில்லை. புளிசாதத்தை யார் திருடப் போகிறார்கள்?

கால் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதுகுத்தண்டில் தட்டு விலகி ஒரு நரம்பை நசுக்கிவிட்டது. அதிலிருந்து வலது பாதம் தொங்கிப்போயிற்று. கணுக்காலை மேலே தூக்கச் சொன்னால் கேட்காது, நுனிவிரல் தரையில் இழுபடும். அதற்காக முழங்காலுக்குக் கீழிருந்து உள்ளங்கால் வரை பிடித்துக்கொள்ளும் ஒரு பிளாஸ்டிக் பட்டை கொடுத்திருக்கிறார்கள். அதை ஷூவுக்குள் நுழைத்துத்தான் போட வேண்டும். ஷூ இல்லாமல் பட்டையை மட்டும் மாட்டினால் வழுக்கும், பட்டை இல்லாமல் ஷூவை மட்டும் போட்டால் மடங்கும். இரண்டும் சேர்ந்ததுதான் என் வலது கால்.

இதோடு சமைப்பேன், கார் ஓட்ட மாட்டேன், கடையில் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம்கூட நடப்பேன். எனக்குக் குறையொன்றும் தெரியவில்லை. குறை மற்றவர்களுக்குத்தான் தெரிந்தது.

அந்த வருடம் ஜூன் மாதத்தில் ஒரு நாள், டெக்சாஸில் ஆலன் என்ற ஊரில் எங்கள் வீட்டு அடுப்பங்கரையில் நின்று ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். ஹாலில் வீட்டுக்காரர் மகளோடு ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தார். எங்களுக்கு ஒரே மகள். இங்கேயே பிறந்தவள், இப்போது கலிஃபோர்னியாவில் குபெர்டினோவில் இருக்கிறாள், நவம்பரில் பிரசவம். தலைப்பிரசவம் தாய் பார்க்க வேண்டியது. நான் ஏற்கனவே சுக்கு, மிளகு, பெருங்காயம் எல்லாம் வறுத்துப் பொடித்து லேகியத்துக்கு எடுத்து வைத்துவிட்டேன்.

"அப்பா, என் வீட்டுல மூணு ஃப்ளோர். ஃபுல்லா ஸ்டெப்ஸ். அம்மா பேபியைத் தூக்கிட்டு எறங்கும்போது ஸ்லிப் ஆச்சுன்னா? ஐ கான்ட் டேக் தட் ரிஸ்க்" என்றாள் அவள்.

"நானும் அதைத்தான் நெனச்சேன் கண்ணு. ஒரு ஆளைப் போட்டுக்கலாம். அம்மா வந்து பக்கத்துல உக்காந்து பாத்துக்கட்டும்."

கடுகு கருகிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ள வேண்டுமாம். இத்தனை நாள் பைக்குக் காவல், இனிமேல் பேரக்குழந்தைக்குக் காவல். வேறு எவளோ குழந்தையைத் தூக்குவாள், குளிப்பாட்டுவாள், நான் சோபாவில் உட்கார்ந்து "அழகா இருக்குது" என்று சொல்ல வேண்டும். அன்று ரசத்தை அப்படியே கருகிய கடுகோடு பரிமாறினேன். அவர் கடுகை ஓரமாக ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டார்.

ஆகஸ்டில், குழந்தை வருவதற்கு முன் ஒரு பயணம் போகலாம் என்று மகளே சொன்னாள். மாப்பிள்ளைக்கு ஆபீஸில் ஏதோ ரிலீஸ், வர முடியாது. அவள் விமானத்தில் நியூ மெக்ஸிகோவின் ஆல்புகர்க்கிக்கு வந்தாள், நாங்கள் இரண்டு நாளாகக் காரில் போய்ச் சேர்ந்தோம். இடம் தேர்ந்தெடுத்தது வீட்டுக்காரர். அவர் சிவில் இன்ஜினியர். பழைய கல்சுவர் எங்கே இருந்தாலும் போய்த் தடவிப் பார்க்காமல் விட மாட்டார். சாண்டா ஃபே பக்கத்தில் ஒரு மேட்டின் மேல் அமெரிக்கப் பூர்வகுடிகளான புவெப்ளோ மக்களின் பழைய ஊர் இடிந்து கிடக்கிறது, நடைபாதை சமமாகத்தான் இருக்கும் என்று சொன்னார். சொல்லிவிட்டு, காரின் டிக்கியில் மடக்கும் சக்கர நாற்காலியையும் ஏற்றினார். அதை வாங்கி ஒரு வருடம் ஆயிற்று. நான் ஒரு முறைகூட உட்கார்ந்ததில்லை, கடைக்காரன் ஒட்டிய சீட்டுகூட இன்னும் அதில் இருந்தது. எடுத்து வைத்ததற்காக, பாதி வழிக்கு மேல் இருக்கும் அமரில்லோ வரை அவரோடு பேசவில்லை.

அந்த இடத்தைப் பற்றி இணையத்தில் நானும் படித்திருந்தேன். அவர் கவனிக்காத ஒன்றை நான் கவனித்தேன். மேட்டின் மேல் தரைக்கடியில் வட்டமான ஓர் அறை இருக்கிறது. அந்த மக்கள் கூடிச் சடங்கு செய்த அறை, கீவா என்று பெயர். மேலே ஒரு சதுர ஓட்டை, அதன் வழியாக மர ஏணியில் இறங்க வேண்டும். வருகிறவர்கள் இறங்கிப் பார்க்கலாம். அதைப் படித்ததுமே முடிவு செய்துவிட்டேன். ஏணியில் இறங்கி ஏறிக் காட்டுவேன். ஏணி ஏறியவளுக்கு மகள் வீட்டு மாடிப்படி எம்மாத்திரம்?

மேட்டுக்குப் போனது மதியம் இரண்டு மணி இருக்கும். வார நாள், கூட்டமே இல்லை. சரளைக்கல் பாதையில் கைத்தடியை ஊன்றிக்கொண்டு நான் நன்றாகவே நடந்தேன். மகளுக்குத்தான் மூச்சு வாங்கியது. அந்த ஊர் உயரம், ஆறு மாத வயிறு. இருபுறமும் முழங்கால் உயரத்துக்குக் கல்சுவர்கள், அடுத்தடுத்து அறைகள், ஓர் அறையின் சுவரே அடுத்த அறைக்கும் சுவர். வீட்டுக்காரர் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்து, "சுண்ணாம்பே இல்லாம மண்ணை வெச்சே கட்டியிருக்கான் பாரு" என்று பூரித்துக்கொண்டிருந்தார். தெற்கே மலைக்குப் பின்னால் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. இடி கேட்டால் மேட்டை விட்டு உடனே இறங்கிவிடுங்கள் என்று பாதையின் தொடக்கத்திலேயே பலகை வைத்திருந்தார்கள்.

தண்ணீர் பாட்டிலைக் காரிலேயே விட்டுவிட்டு வந்தது நான்தான். மறந்து அல்ல, வேண்டுமென்றே. பாதி வழியில் பெஞ்சில் உட்கார்ந்ததும், "ஐயையோ, தண்ணி கொண்டாரலையே. புள்ளைக்கு வேணுமுங்களே" என்றேன். அவர் உடனே கிளம்பினார். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. வயிற்றுப் பிள்ளைக்காரியின் தாகத்தை வைத்து விளையாடியிருக்கிறேன்.

"நீ உக்காரு கண்ணு. பையைப் பாத்துக்கோ, நான் அந்தப் பலகையைப் படிச்சுட்டு வந்தர்றேன்" என்று சொல்லி என் கைப்பையை அவள் மடியில் வைத்தேன். அதைச் சொன்னபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? போனும் அந்தப் பைக்குள்தான் இருந்தது. அதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

பெஞ்சிலிருந்து கூப்பிடு தூரத்தில், பாதை வளையும் இடத்தில் அந்த ஓட்டை இருந்தது. ஏணியின் இரண்டு கழிகளும் தரைக்கு மேல் ஆளுயரம் நீட்டிக்கொண்டிருந்தன. பக்கத்தில் ஒரு பலகை. இந்த ஊர்க்காரர்களின் வம்சம் இன்றும் இருக்கிறது, அவர்களுக்கு இது புனிதமான இடம், மரியாதையோடு உள்ளே வாருங்கள் என்று எழுதியிருந்தது. மரியாதை என்று படித்ததும் என் கை தானாகக் கீழே போயிற்று. குனிந்து ஷூ லேஸை அவிழ்த்தேன்.

யாரும் கழற்றச் சொல்லவில்லை. ஆனால் இருட்டாக, குளுமையாக, கும்பிட்ட இடம் என்று தெரிந்த பிறகு செருப்புக் காலோடு நுழைய எனக்குத் தெரியாது. என் உடம்பு அப்படி வளர்ந்தது. இடது ஷூவைக் கழற்றினேன், வலது ஷூவையும் கழற்றினேன், கூடவே பட்டையும் வந்துவிட்டது. இரண்டையும் கோயில் வாசலில் வைப்பது போல ஜோடியாக ஓரத்தில் வைத்தேன், கைத்தடியையும் சாய்த்தேன். பட்டை இல்லாமல் ஏற முடியுமா என்ற கேள்வி அந்த நிமிடம் என் மண்டைக்குள் வரவே இல்லை. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். நான் ஆழத்தைப் பார்த்தேன், காலைத்தான் பார்க்கவில்லை.

இறங்குவது சுலபமாக இருந்தது. ஒன்பது படி. கெட்ட காலை முதலில் கீழே விட்டு, கையால் கழியைப் பிடித்து, மெதுவாகச் சறுக்கினேன். கீழே மண் தரை, காலுக்குச் சில்லென்று இருந்தது. நடுவில் அடுப்புக் குழி. அதற்கு அந்தப் பக்கம் தரையில் ஒரு சின்னத் துளை. மனிதர்கள் பூமிக்கு அடியிலிருந்து அது போன்ற துளை வழியாகத்தான் ஏறி வந்தார்கள் என்பது அந்த மக்களின் நம்பிக்கை என்று படித்திருந்தேன். கைகூப்பினேன். எந்தச் சாமி என்று தெரியாது. என் மகளுக்குச் சுகப்பிரசவம் ஆக வேண்டும், பிள்ளையை என் கையில் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அப்புறம் ஏணிப் பக்கம் திரும்பினேன்.

ஏறும்போது நல்ல கால் முதலில். ஆஸ்பத்திரியில் நடைப் பயிற்சி கொடுத்த பெண் மனப்பாடமாகச் சொல்லிக் கொடுத்தது அது. இடது காலை முதல் படியில் வைத்து எழுந்தேன். வலது கால் கூட வரவில்லை. பாதம் தொங்கி, விரல்கள் படியின் அடியில் போய் இடித்தன. ஒரு கையை விட்டு, பேண்ட் துணியைப் பிடித்துக் காலைத் தூக்கிப் படியில் வைத்தேன். உருண்டைக் கட்டை, வைத்ததும் நழுவியது. இரண்டாம் தடவை வைத்து, எடையை ஒரு கணம் அதன் மேல் போட்டேன். கணுக்கால் மடங்கி, முழங்காலுக்குக் கீழே கட்டையில் உரசித் தோல் போயிற்று. நல்லவேளை, கையை விடவில்லை. மறுபடி தரையில் நின்றேன்.

அப்போதுதான் முதல் இடி.

மேலே இருந்த சதுர வானம் சாம்பல் நிறமாகியிருந்தது. மூன்றாவது முறை ஏறினேன், இரண்டாம் படியோடு வழுக்கி இறங்கினேன். தொண்டை வரை ஒரு வார்த்தை வந்தது, அதை வெளியே விட எனக்கு மனசு வரவில்லை. அவர் வந்துவிடுவார், அதற்குள் எப்படியாவது ஏறிவிடலாம் என்று நின்றேன்.

"அம்மா?" தூரத்தில் குரல். "அம்மா, வேர் ஆர் யூ? இடி இடிக்குது, வா!"

பதில் சொல்லாமல் இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. சரளையில் அவள் செருப்புச் சத்தம் நெருங்கி வந்து நின்றது. ஓட்டையில் அவள் முகம் தெரிந்தது. ஓரத்தில் ஜோடியாக இருந்த ஷூவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"அம்மா, ஆர் யூ ஸ்டக்?"

"அதெல்லாம் இல்ல. சும்மா பாத்துட்டு இருக்கேன். நீ கீழ கார்கிட்டப் போ, நான் வர்றேன்."

"உன் கால்ல ரத்தம் வருது."

"அது ஒண்ணும் இல்ல. நீ போ. இடி விழுகுது, இந்த மேட்டுல நிக்காதே."

"ஐ ஆம் நாட் லீவிங் யூ. ஷூவைப் போடறேன், மாட்டிக்கோ." அவள் என் ஷூவைக் கையில் எடுத்தாள்.

"போடாதே!" என்று கத்தினேன். "கும்பிடுற எடத்துல செருப்பைத் தூக்கிப் போடறதா? வெய்யி அங்கயே!"

"அம்மா! இட்ஸ் நாட் ஈவன் அவர் காட்!"

"யாரு சாமியா இருந்தா என்ன? சாமி சாமிதான். நான் வெறுங்காலோடயே வருவேன்."

நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். இவ்வளவுக்கும் எனக்கு அந்த நேரத்தில் உருப்படியாக இருந்தது ஒரே கால்தான். இரண்டாவது இடி தலைக்கு மேலேயே இடித்தது, ஓட்டையின் ஓரத்திலிருந்து மண் உதிர்ந்தது. மகள் ஷூவைக் கீழே வைத்தாள், எழுந்தாள், திரும்பினாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏணிக் கழியை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு காலை முதல் படியில் வைத்தாள். ஆறு மாத வயிறு கழியில் முட்டியது. செருப்பின் அடி வழவழவென்று தெரிந்தது.

எனக்கு உயிரே போய்விட்டது. மாடிப்படியில் வழுக்கிவிடுவேன் என்று அவள் பயந்த காட்சி இதோ நடக்கப் போகிறது. குழந்தை அவள் வயிற்றுக்குள், நான் கீழே, தடுக்க வக்கில்லை. நடத்தி வைத்தவள் நான்.

"கண்ணு, வேண்டாம்! ஏறு! மேல ஏறு சாமி, உன்னைக் கும்பிடறேன்!"

"தென் சே இட்" என்றாள் என் மகள், காலை எடுக்காமல். "உன்னால முடியலைன்னு சொல்லு."

மழையின் முதல் துளிகள் ஓட்டை வழியாக என் முகத்தில் விழுந்தன.

"முடியலை" என்றேன். "என்னால முடியலை கண்ணு. ஷூவைப் போடு."

அவள் காலை எடுத்து மேலே போனாள். மறுபடி முகம் தெரிந்தது.

"வலதை மட்டும் போடு" என்றேன். "இடது வெறுங்காலாவே இருக்கட்டும்." அந்த நிலைமையிலும் சாமியிடம் பேரம்.

ஷூ அடுப்புக் குழிக்குப் பக்கத்தில் பொத்தென்று விழுந்தது. தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "மன்னிச்சுக்கோங்க, புள்ளை மழையில நிக்குது" என்று வாய்விட்டுச் சொன்னேன். தரையில் உட்கார்ந்து பட்டையை மாட்டி, ஷூவுக்குள் காலை நுழைத்து, லேஸை இழுத்துக் கட்டினேன். விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. இரண்டு முறை அவிழ்ந்தது.

பிறகு ஏறினேன். இடது, வலது. இடது, வலது. ஒவ்வொரு படியிலும் நின்றேன். மேலிருந்து அவள் ஆங்கிலத்தில் எண்ணிக்கொண்டிருந்தாள். ஏழாவது படியில் என் சட்டைத் தோளைப் பிடித்தாள், "பிடிக்காதே, நீ விழுந்துருவே" என்றேன், அவள் விடவில்லை. ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் மண்ணுமாக, முழங்கையை ஊன்றி, சரளையில் குப்புற வந்து விழுந்தேன். மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்வதற்குக்கூட வழியில்லை, வாயெல்லாம் மண்.

அவள் என் பக்கத்தில் மண்டியிட்டு அழுதாள். அப்புறம் கோபம் வந்தது. மழையில் நனைந்துகொண்டே கத்தினாள். பாதி ஆங்கிலம், பாதி தமிழ்.

"எனக்கு உன் கால் ப்ராப்ளம் இல்லம்மா. ஐ டோன்ட் கேர் அபவுட் யுவர் லெக்! நான் கூப்பிட்டேன், நீ ஆன்ஸர் பண்ணலை. கீழ நின்னுட்டு சும்மா பாத்துட்டிருக்கேன்னு சொல்ற! நாளைக்கு பேபியை வெச்சுட்டு ஸ்டெப்ஸ்ல நிக்கும்போதும் இப்படித்தான் சொல்லுவியா?"

சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியும். ஜூனிலிருந்து என் காலைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று எரிந்துகொண்டிருந்தேன். அவள் பயந்தது, முடியலை என்று சொல்லத் தெரியாத என் வாயைப் பற்றி.

பாதையில் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. வீட்டுக்காரர் ஓடி வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் தண்ணீர் பாட்டில், இன்னொரு கையால் மடக்கிய சக்கர நாற்காலியை இழுத்துக்கொண்டு. இடி கேட்டதும் அதையும் டிக்கியிலிருந்து எடுத்திருக்கிறார். எங்களைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"என்ன ஆச்சு? விழுந்துட்டியா?" என்றவர், நான் நாற்காலியைப் பார்ப்பதைக் கண்டு அவசரமாகச் சொன்னார். "இது சும்மா... புள்ளை களைச்சுப் போயிருப்பாளேன்னு கொண்டாந்தேன். நீ ஒண்ணும் கோவிச்சுக்காதே."

மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைக்கூடத் துடைக்கவில்லை.

கார் வரை அரை மைலுக்கு மேல் இருக்கும். நான் நடந்தால் அவர்கள் இருவரும் என் நடைக்கு நடந்து இடியில் நிற்க வேண்டும்.

"முடியலைங்க" என்றேன். "சேரை விரிங்க."

அவருக்கு நம்ப முடியவில்லை. விரிக்கவும் தெரியவில்லை, ஒரு வருடமாக விரித்ததே இல்லையே. மகள்தான் காலால் ஒரு தட்டுத் தட்டி விரித்தாள். உட்கார்ந்தேன். கைப்பிடியில் அந்தச் சீட்டு மழையில் நனைந்து பிய்ந்து தொங்கியது. இடது ஷூவை அவர் குனிந்து மாட்டிவிட்டார். வழக்கம்போல என் கை தானாக நீண்டு, மகள் கொண்டுவந்து தரையில் போட்டிருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டது.

மகள் குனிந்து அந்தப் பையை எடுத்தாள். அப்பாவின் தோளில் மாட்டினாள். "அப்பா, இனிமே இது உங்க ஜாப்" என்றாள். அப்புறம் என் ஈரமான மடியைக் கையால் ஒரு தட்டுத் தட்டி, அதில் ஒட்டியிருந்த சரளை மண்ணைத் தள்ளிவிட்டாள்.

"இது காலியா இருக்கட்டும்மா. நவம்பர்ல எனக்கு வேணும்."